முதல் பதிலாக வந்த ஜாயின்ட் செகரட்டரி

எனக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் அதிகம். இதைக் குறை என்று நான் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் அது ஒரு பிடி குறைவாக இருந்திருந்தால், என் நிச்சயதார்த்தத்தன்று இரண்டு சம்பந்திகளும் பட்டு வேட்டியோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்திருக்க மாட்டார்கள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

நான் சர்ச் இன்ஜின் வேலை பார்ப்பவள். குர்காவ்னில் ஆன்லைன் கடை நடத்தும் கம்பெனி. ஒருவர் ஒரு வார்த்தையைத் தட்டினால் ஆயிரக்கணக்கான சாமான்களில் எது முதலில் வரவேண்டும் என்று முடிவு செய்வது என் பிழைப்பு. கத்திரிக்காய் என்று தேடினாலும் பைங்கன் என்று தேடினாலும் ஒரே காய் வந்து நிற்கவேண்டும். அதற்கு எந்தெந்தச் சொல்லெல்லாம் ஒன்று என்று பட்டியல் போட்டுக் கொடுக்கவேண்டும். அப்புறம், வந்து நிற்பவற்றில் எது முன்னால், எது பின்னால் என்று மார்க் போடவேண்டும். பந்தியில் யாரை முதல் வரிசையில் உட்கார வைப்பது என்பது மாதிரியான வேலைதான். சரியாகச் செய்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள். தப்பாகச் செய்தால் மாமாக்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போவார்கள்.

அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், குடியிருப்பு ஜனக்புரி. ஓய்வு பெற்றவருக்கு ஒரு ஃபைல் இல்லாமல் கை நடுங்கும் என்பதால் எங்கள் பகுதித் தமிழர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். சங்கத்தில் முந்நூற்றுச் சொச்சம் உறுப்பினர்கள். யாருக்கு என்ன தெரியும், யார் யாருக்கு என்ன உதவி செய்ய முடியும் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு ஃபாரம் வாங்கி பீரோவில் அடுக்கி வைத்திருந்தார்கள். அதை யாரும் திறந்து பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

"என் மக இருக்கா. அவ இதுக்குன்னே படிச்சவ. எல்லாத்தையும் போன்லயே தேடுத மாதிரி பண்ணிருவா" என்று அப்பா பொதுக்குழுவில் எழுந்து அறிவித்துவிட்டு வந்தார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நானே மைக்கைப் பிடுங்கி அறிவித்திருப்பேன் (அந்த வயசு அப்படி).

முதலில் சொற்பட்டியல். தில்லித் தமிழர்கள் தில்லியில் வாழ்ந்தாலும் வாயில் அவரவர் ஜில்லாவைத்தான் வைத்திருப்பார்கள். சமையல் செய்பவருக்கு அப்பா "தவசுப்பிள்ளை" என்றார். அம்மா தஞ்சாவூர், "பரிசாரகர்னு சொன்னா வாய் வலிக்குமா?" என்றாள். பாலக்காட்டு மாமி ஒருத்தி "தேகண்டக்காரா" என்று எழுதி அனுப்பினாள். இங்கேயே பிறந்த என் தலைமுறைக்கு அவர் குக், இல்லாவிட்டால் ஹல்வாயி. எல்லாம் ஒன்றுதான் என்று பட்டியலில் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. எந்தச் சொல் தாய்ச்சொல், எது அதற்கு ஒட்டுச்சொல் என்று கமிட்டியில் ஒரு சாயங்காலம் முழுக்க விவாதம் நடந்தது. என் ஊர்ச் சொல்லுக்குப் பக்கத்தில் உன் ஊர்ச் சொல் வரலாம், அதற்கு மேலே வரக்கூடாது என்பதுதான் எல்லோருடைய கட்சியும்.

எல்லாச் சொல்லும் சமம் என்று தீர்ப்புச் சொல்லி சபையைக் கலைத்தேன். சொன்ன வேகத்தில் என் கையும் தாராளமாகிவிட்டது. சமையலோடு டிபன், கேட்டரிங், கேன்டீன், மெஸ், உணவு, அடுப்பு, பந்தி என்று வாசனை அடித்த எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். யார் எப்படிக் கேட்டாலும் பதில் வரவேண்டும். பதில் இல்லை என்ற வார்த்தையே என் திரையில் தோன்றக்கூடாது. இப்படி ஒரு லட்சியம் எனக்கு.

அடுத்து, யார் முன்னால் என்ற கேள்வி.

"சீனியாரிட்டி போட்டியா?" என்றார் அப்பா.

"அதெல்லாம் கிடையாதுப்பா. யார் பொருத்தமோ அவங்க முதல்ல வருவாங்க."

"அது சரி. ஆனா நம்ம கோபாலகிருஷ்ணன் சார் மினிஸ்ட்ரில ஜாயின்ட் செகரட்டரியா இருந்தவரு. சங்கத்துல மெம்பர் நம்பர் ஒண்ணு. அவரு பேரு ஒரு எல்.டி.சி. கிளார்க் பேருக்குக் கீழ வந்தா நல்லாவா இருக்கு? ரிட்டயர் ஆயிட்டா மரியாதையும் ரிட்டயர் ஆயிருமா?"

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கமிட்டி அவரை என்ன சொல்லியிருக்கும் என்று புரிந்தது. சரி, மெம்பர் நம்பருக்கும் கொஞ்சம் மார்க் போடுகிறேன் என்றேன். போட்டேன். அந்த மார்க்கைக் கூட்டியிருக்கவேண்டும், நான் பெருக்கினேன். கூட்டியிருந்தால் மூத்தவர்களுக்கு ஒரு நாற்காலி முன்னே கிடைத்திருக்கும். பெருக்கியதால் கோபாலகிருஷ்ணன் சார் எங்காவது ஒரு வார்த்தையில் பொருந்தினாலே போதும், மொத்த ஜனக்புரியையும் தாண்டி முன்னே வந்துவிடுவார். (இதை நான் கவனிக்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு: கவனித்தேன். பெரியவர் எதில் பொருந்தப்போகிறார் என்று விட்டுவிட்டேன்.)

இதற்கு மேல் ஒரு மகுடமும் வைத்தேன். நீளமாகப் பட்டியல் காட்டினால் வயசானவர்கள் குழம்புவார்கள் என்று, 'உதவி கேள்' என்று ஒரே ஒரு பட்டன். தட்டினால் முதல் இடத்தில் இருப்பவருக்கு நேராக மெசேஜ் போய்விடும். மற்ற பெயர்களைப் பார்க்கவேண்டுமென்றால் கீழே பொடி எழுத்தில் 'மேலும்' என்று இருக்கும். முதல் பதில் தப்பாக இருந்தால்தானே மேலும் பார்க்கவேண்டும்.

பொதுக்குழுவில் எல்லோர் முன்னிலையிலும் ஓட்டிக் காட்டினேன். ஹிந்தி டியூஷன், ஹோமியோபதி, வருமான வரி என்று நானே தேர்ந்தெடுத்த மூன்று தேடல். மூன்றிலும் சரியான ஆள் வந்தார். அப்பாவின் முகத்தில் அவருக்குக் கிடைக்காமல் போன பதவி உயர்வு வந்துவிட்ட மாதிரி ஒரு வெளிச்சம்.

ஒரு மாதம் கழித்து எனக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை கார்த்திக், சிவில் இன்ஜினீயர், சென்னை. அவனை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவன் அம்மாவுக்குத்தான் தில்லிப் பெண் என்பதில் லேசான சந்தேகம். "அங்க பொறந்து வளர்ந்த பொண்ணு, நம்ம வழக்கமெல்லாம் தெரியுமா?" என்று தரகர் மூலமாகக் கேட்டிருந்தார். அதனால் சாப்பாட்டில் நம் வழக்கத்தைக் காட்டிவிடுவது என்று அம்மா கங்கணம் கட்டிக்கொண்டாள். வீட்டின் பின்கட்டில் அடுப்பு, நாற்பது பேருக்கு இலைச் சாப்பாடு. காய்கறி, மளிகை, பாத்திரம் எல்லாம் முதல் நாளே வந்து இறங்கிவிட்டன.

வராதது சமையல்காரர் மட்டும்தான். காலை ஏழரைக்கு அவரிடமிருந்து போன். ஸ்கூட்டர் சறுக்கி வலது மணிக்கட்டு முறிந்துவிட்டதாம்.

"ஹோட்டல்ல சொல்லிடுவோங்க" என்றாள் அம்மா. குரல் அப்போதே உடைந்துவிட்டது.

"ஹோட்டலா? கமிட்டி மொத்தமும் சாப்பிட வருது. ஊருக்கெல்லாம் சர்ச்சு வெச்சுக் கொடுத்துட்டு நம்ம வீட்டுல ஹோட்டல் சோறா? ஏ வித்யா, போனைக் கொடு."

நான் ஓடிப்போய்த் தடுத்திருக்கவேண்டும். பெருமையாகப் போனை நீட்டினேன். "நீங்களே போடுங்கப்பா" என்று வேறு சொன்னேன்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்தில் இருந்தவர்கள் தேடுபெட்டியில் ஒரு வார்த்தை தட்டிவிட்டுச் சும்மா இருக்கமாட்டார்கள். அது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. அப்பா தட்டியது இது:

'பொருள்: இன்று மதியம் நாற்பது பேருக்குச் சமையல் செய்ய ஆள் தேவை - தொடர்பாக. ஐயா, மேற்கண்ட பொருளில் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில், அவசர நிலைமையை முன்னிட்டு இப்பொறுப்பை ஏற்க அனுபவமுள்ள ஒருவரை உடனடியாக அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

கீழே தன் பெயரும் போட்டுவிட்டு பட்டனைத் தட்டினார். கோரிக்கை போய்ச் சேர்ந்தது. இரண்டே நிமிடத்தில் பதில்: 'கோரிக்கை பெறப்பட்டது. நடவடிக்கை எடுக்கப்படுகிறது. ஒன்பது மணிக்கு ஆஜராவேன்.'

"பாத்தியா, என்னா ஒரு டிசிப்ளின்" என்றார் அப்பா அம்மாவிடம். "நல்ல தவசுப்பிள்ளையாத்தான் இருப்பான்."

யாருக்குப் போயிற்று என்று நான் பார்க்கவில்லை. பட்டுப்புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். என் சர்ச் இன்ஜினை நானே சந்தேகப்படுவதா?

ஒன்பதடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது வாசல் மணி அடித்தது. அப்பா கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே விறைத்து நின்றார். வாசலில் கோட், டை, கையில் தோல் பெட்டியோடு கோபாலகிருஷ்ணன் சார். வயது எண்பதைத் தாண்டியிருக்கும்.

"சார், நீங்களா... வாங்க சார். பங்ஷன் பத்தரைக்குத்தான் சார்."

"பங்ஷன் பத்தரைக்கு. சமையல் இப்பவே ஆரம்பிச்சாதான் முடியும், ராமநாதன். கிச்சன் எந்தப் பக்கம்?" பெட்டியைத் திறந்தார். உள்ளே இஸ்திரி போட்டு மடித்த ஒரு ஏப்ரன்.

நான் போனை எடுத்துப் பார்த்தேன். அவர் ஃபாரத்தில் உதவி என்ற இடத்தில் எல்லோரும் ஒரு வரி எழுதியிருக்க, அவர் இரண்டரைப் பக்கம் சுயசரிதை எழுதியிருந்தார். அதன் நடுவில்: 'கல்லூரி விடுதியில் மெஸ் செகரட்டரியாக, நாற்பது பேருக்கான உணவுப் பொறுப்பை ஓராண்டு காலம் ஏற்று நடத்திய அனுபவமுள்ளவன்.' மெஸ் என்றால் சமையல் என்று நான்தான் என் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். நாற்பது பேர் பொருந்தியது. பொறுப்பு, அனுபவம், எல்லாம் பொருந்தியது. அதற்கு மேல் மெம்பர் நம்பர் ஒன்று, பெருக்கல் குறியோடு.

"அப்பா, தப்பு நடந்துபோச்சு. அவர்கிட்ட சொல்லி அனுப்பிடுங்க" என்று காதில் சொன்னேன்.

"நானா?" என்றார் அப்பா. வியர்த்துவிட்டது அவருக்கு. "அவர் ரூம் வாசல்ல பத்து வருஷம் ஃபைலோட நின்னவன் நான். அவரை வேண்டாம்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

கோபாலகிருஷ்ணன் சார் பின்கட்டுக்குப் போய்ப் பார்வையிட்டார். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. நாற்காலி கேட்டார். பேனா எடுத்தார். சாமான்களின் பட்டியலை மூன்று பிரதி எழுதினார். பிறகு சாம்பாருக்கு மூன்று மாற்று யோசனைகளும் ஒவ்வொன்றின் சாதக பாதகமும் அடங்கிய ஒரு குறிப்பு எழுதி, அப்பாவிடம் நீட்டி, "உங்க கருத்து?" என்றார். அப்பா கீழே 'மேலே கண்டவாறு ஏற்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இதற்குள் பத்தாகிவிட்டது. அரிசி களையவில்லை.

பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். கார்த்திக்கின் அப்பா ஓய்வுபெற்ற துணைத் தாசில்தார். பின்கட்டுப் பக்கம் வந்தவரிடம் அப்பா, "சார் ஜாயின்ட் செகரட்டரி" என்று அறிமுகம் செய்தார். ரிட்டயர்டு என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துணைத் தாசில்தார் தோளில் இருந்த அங்கவஸ்திரத்தை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"கீழ் மட்டத்துல ஆள் பற்றாக்குறை. வெங்காயம் பெண்டிங்ல இருக்கு" என்றார் கோபாலகிருஷ்ணன் சார்.

அப்பாவும் துணைத் தாசில்தாரும் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார்கள்.

வெந்நீர் கேட்டுக்கொண்டு வந்த கார்த்திக்கின் அம்மா இந்தக் காட்சியைப் பார்த்தார். கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார். பிறகு என் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷத்துல ஒரு வெங்காயம் உரிச்சதில்லைங்க. நிச்சயம் பண்ண வந்த இடத்துல உரிக்க வெச்சுட்டீங்க. உங்களுக்கு இதுல இஷ்டம் இல்லேன்னா சொல்லிடுங்க, நாங்க கிளம்பிடறோம்."

அம்மா அழுதுவிட்டாள். கார்த்திக் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அவன் போய்விடுவான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கேஸ் சிலிண்டர் பக்கத்தில், பட்டுப்புடவையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். மடியில் லேப்டாப். சீனியாரிட்டி மார்க்கைப் பூஜ்யமாக்கினேன். மெஸ், கேன்டீன், பந்தி எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து வெட்டினேன். சமையல் என்று ஒரே சொல்லைத் தட்டினேன்.

முதல் பெயர்: செல்வி. ஃபாரத்தில் ஒரே வரி. 'சமையல். எத்தனை பேருக்கும்.' மெம்பர் நம்பர் முந்நூற்றுப் பதினெட்டு, சங்கத்தின் கடைசி நம்பர். என் பழைய கணக்கில் எங்கே இருந்தாள் என்று பார்த்தேன். மூன்றாம் பக்கம்.

போன் செய்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் வேலை முடித்துக்கொண்டிருந்தாள். கால் மணியில் வந்துவிட்டாள். விழுப்புரம் பக்கத்துக்காரி, நாற்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்:

"ஏம்மா, போன மாசமே ஃபாரம் எழுதிக் குடுத்தேனே. மிஷின்ல ஏத்துனா தெனம் போன் வரும்னாங்க. ஒரு போன்கூட வரலியே. நான் எழுதுனது எதுனா தப்பா?"

"நீங்க எழுதினது சரிதான் அக்கா. நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றேன். முந்நூறு பேரில் சமைக்கத் தெரிந்து, சமையல் என்று எழுதியவள் அவள் ஒருத்திதான். அவளைத்தான் நான் கண்ணுக்கே தெரியாத இடத்தில் வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அன்றைக்கு நடந்ததில் எனக்கு இன்றும் சிரிப்பு வராத இடம் இது ஒன்றுதான்.

ஜாயின்ட் செகரட்டரியை என்ன செய்வது என்ற பிரச்சினை மிச்சம் இருந்தது. அப்பாவும் சம்பந்தியும் வெங்காயத்திலிருந்து தலை தூக்கவில்லை. செல்வி அக்கா அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, நீங்க உக்காந்து சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

அவர் சொன்னார். அவள் "சரிங்கய்யா" என்றாள். சொல்லிவிட்டு அவள் இஷ்டத்துக்குச் செய்தாள். அவர் யோசனை ஒன்றைப் படித்தபோது சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. யோசனை இரண்டுக்கு வந்தபோது அவியல் இறங்கிவிட்டது. இரண்டு சம்பந்திகளையும் "நவுருங்க சார், கண்ணு கலங்குது பாருங்க" என்று எழுப்பிவிட்டாள். ஒரு கரண்டி ரசத்தைப் பெரியவர் கையில் ஊற்றினாள். அவர் கண்ணை மூடிக் குடித்துவிட்டு, "அப்ரூவ்ட்" என்றார்.

நிச்சயதார்த்தம் ஒரு மணி நேரம் தாமதமாக நடந்தது. பந்தியில் கார்த்திக்கின் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். ரசம் வந்தது. இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை கையைக் குவித்து வாங்கிக் குடித்தார்.

"ரசம் யார் வெச்சது?"

கோபாலகிருஷ்ணன் சார் எழுந்து, கோட் பட்டனைப் போட்டுக்கொண்டு, லேசாகத் தலை குனிந்தார். வாளியோடு நின்ற செல்வி அக்கா பல் தெரியச் சிரித்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள். போகும்போது பெரியவர் என்னிடம் சொன்னார்: "ஆபீசை விட்டப்புறம் யாரும் என்னை எதுக்கும் கூப்பிட்டதில்லம்மா. தேங்க்ஸ்." தப்பான பதில்தான், ஆனால் அவ்வளவு சந்தோஷமாக வந்த பதிலை நான் பார்த்ததில்லை.

சீனியாரிட்டியை எடுத்துவிட அப்பா கமிட்டியில் தீர்மானம் கொண்டுவந்தார். மூத்த உறுப்பினர்கள் தோற்கடித்துவிட்டார்கள். ஆகவே சீனியாரிட்டியைக் கூட்டவும் குறைக்கவும் திரையில் ஒரு திருகு வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பொதுக்குழுவிலும் விவாதித்து, ஓட்டெடுத்து, அதைத் திருகுகிறார்கள். அது எதோடும் இணைக்கப்படவில்லை.

கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. கார்த்திக் தில்லிக்கே மாற்றலாகி வந்துவிட்டான். நான் எதையாவது அடித்துச் சொன்னால் போதும், மாமியார் போனிலேயே கேட்பார்: "வரப்போறது செல்வியா, ஜாயின்ட் செகரட்டரியா?" பிரசவ வார்டில் டாக்டருக்காகக் காத்திருந்தபோது கார்த்திக்கும் இதையே கேட்டான். வலியோடு வலியாக அவனை ஒரு அடி வைத்தேன்.

செல்வி அக்காவுக்கு இப்போது கீழே நான்கு பேர் வேலை செய்கிறார்கள். நிற்க நேரமில்லை. போன வருடம் ஒருநாள் வீட்டுக்கே வந்தாள்.

"பாப்பா, மூச்சு வுட முடியல. வாரத்துல ஒரு நாளு, செவ்வாக்கெழம மட்டும், என்னை அந்த மூணாம் பக்கத்துலயே போட்டு வையேன். நான் கொஞ்சம் படுத்துக்கறேன்."

செய்துகொடுத்தேன். தொழில்முறையில் இது மகா பாவம். இப்படி ஒரு ஆளுக்காகத் தனி வரி எழுதுபவர்களை நான் ஆபீசில் திட்டித் தீர்ப்பேன். செவ்வாய்க்கிழமையன்று அவள் மூன்றாம் பக்கத்துக்குப் போய்விடுவாள். முதலிடம் காலியாக இருக்கக்கூடாதே என்று, அன்று மட்டும், மெம்பர் நம்பர் ஒன்றை அங்கே நிறுத்தியிருக்கிறேன். அவர் ஏப்ரனுக்கு இஸ்திரி போட்டுத் தயாராக இருக்கிறார். எங்கள் பகுதித் தமிழர்கள் யாரும் செவ்வாய்க்கிழமைகளில் விசேஷம் வைப்பதில்லை.